ஆஸ்பத்திரிக் குண்டானும் அருணகிரியின் குழாயும்

மேலக்கரை அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் வடிவு டீக்கடையின் மூன்றாவது அடுப்பில் குண்டான் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறவரை எந்தக் குழந்தையும் பிறந்ததில்லை. முதல் அடுப்பில் டீ பாய்லர், இரண்டாவதில் பால், மூன்றாவதில் ஆஸ்பத்திரிக் குண்டான் என்று கடை போட்ட நாளிலிருந்தே இருந்தது; பிள்ளை பெற்றவளுக்காக ப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு வெந்நீரைச் சும்மா கொடுப்பது ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை போட்டவர்களின் வழக்கம், அதற்கென்று வைத்த குண்டான்தான் அது. எந்த வருஷத்திலிருந்து பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தன என்று யாருக்கும் தெரியாது. ஒரு சித்திரை மாதம் காஸ் தீர்ந்துபோய், சிலிண்டர் வண்டி வருகிறவரை நாலு மணி நேரம் மூன்று பெண்கள் வார்டில் முனகிக்கொண்டே கிடக்க, சிலிண்டர் மாட்டி மூன்று தரம் குண்டான் கொதித்ததும் மூன்று பிள்ளைகளும் வரிசையாக வந்து பிறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதற்கப்புறம் ஊர் அதைப் பற்றி ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டு, அதற்குத் தகுந்தாற்போல் நடந்துகொள்ளத் தொடங்கியது.

வார்டு ஜன்னலில் பாத்திமுத்து சிஸ்டர் மஞ்சள் துணி கட்டினால் ஒரு பெண்ணுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். வடிவு குண்டானில் புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பைப் பற்றவைப்பாள். இரட்டைப் பிள்ளை என்றால் இரண்டு துணி. ஆப்பரேஷன் என்றாலும் டாக்டர் கத்தியை எடுப்பதற்கு முன் சிஸ்டர் ஒருமுறை ரோட்டை எட்டிப் பார்ப்பாள். காஸ் வண்டிக்காரர் கல்யாண வீட்டைக்கூடக் காக்கவைப்பார், வடிவு கடையைக் காக்கவைக்கமாட்டார். அப்பன்மார்கள் கையைக் கூப்பிக்கொண்டு வந்து, இன்னும் பதினேழு நிமிஷத்தில் நட்சத்திரம் மாறுகிறது, தீயைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று கேட்பார்கள்; ராகுகாலம் முடியட்டும் என்று சில பேர் அடுப்புப் பக்கமே நின்றுகொள்வார்கள். உள்ளே ஒருத்தி கிடக்கையில் உனக்கு நட்சத்திரம் கேட்கிறதா என்று வடிவு பார்க்கிற பார்வையில் அவர்கள் பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார்கள். துணியைப் பார்த்தால் பற்றவைப்பாள், முழுத் தீயில். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த டாக்டர் ஒருவர் முதல் வாரம் தெர்மாமீட்டரைக் குண்டானில் விட்டுப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் மாதம் அவரே ஜன்னலைத் திறந்து, ஆவி வருகிறதா என்று கையால் ஜாடை காட்ட ஆரம்பித்தார்.

ஆனால் குண்டானுக்கென்று ஒரு குணம் இருந்தது. அதே தண்ணீர், அதே தீ. ஒருத்திக்கு இருபது நிமிஷத்தில் கொதித்துவிடும், இன்னொருத்திக்குக் காலையில் வைத்தது சாயங்காலம் வரை வெதுவெதுப்பிலேயே நிற்கும், தலைப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரமெல்லாம் வார்டில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, அவளைச் சேர்ந்தவர்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து குண்டானையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்தொன்பது வருஷமாக அந்த பெஞ்சைப் பார்த்ததில் வடிவுக்கு ஒன்று தெரிந்திருந்தது. முதல் டீயில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இரண்டாவது டீயில் சண்டை வரும்: வளைகாப்புக்கு யாருக்குச் சொல்லவில்லை, சீர்வரிசையில் எது குறைந்தது, பிள்ளைக்குச் சேனை வைக்கப்போவது யார் என்று. பிறந்த பிள்ளையின் உதட்டில் முதன்முதலாகச் சீனித்தண்ணீர் தொட்டு வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால் சேனைக்கு எப்போதுமே போட்டிதான். சிஸ்டர் திட்டுவாள் என்று இப்போதெல்லாம் வெறும் விரலை உதட்டில் காட்டிவிட்டு எடுத்துவிடுகிறார்கள், போட்டி மட்டும் குறையவில்லை. மூன்றாவது டீ வரும்போது, எப்படியோ, யாராவது ஒருவருக்குக் கண் கலங்கும், பக்கத்தில் இருப்பவர் தன் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார். மூன்றாவது டீக்கு அப்புறமும் பகையோடு எழுந்துபோனவர்களை வடிவு பார்த்ததில்லை.

அதனால்தான் அவளும் ஒரு மூன்றாவது டீக்காகக் காத்திருந்தாள். மகள் கோமதி, தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஸ்டீபனைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஸ்டீபனின் அம்மா எஸ்தர் பாக்கியம், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், மூன்று தெரு தள்ளித்தான் வீடு. சொல்லாமல் கட்டிக்கொண்டதற்கு மகனும் மருமகளும் மன்னிப்புக் கேட்டார்கள், டீச்சர் மன்னித்துவிட்டார். மருமகளுக்கு மாதுளம்பழம்கூடக் கொடுத்து அனுப்புவார். ஆனால் கல்யாணத்தன்று காலையில் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அனுப்பிவைத்தது வடிவு. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளையைக் கடத்திவிட்டாள் என்ற கோபம் டீச்சருக்கு இறங்கவே இல்லை. சொல்லியிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார் என்பது வடிவின் நியாயம். கடையைத் தாண்டும்போதெல்லாம் டீச்சர் குடையைக் கடைப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவார், வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும். வடிவு அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் வடைமாவைப் பிசைவாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில், டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்துதான் ஆகவேண்டும், குண்டான் எப்படியும் நேரமெடுக்கும், பெஞ்சின் கோடியில், வேப்பமரத்து நிழல் விழுகிற அந்த இடத்தில் உட்காரவைத்துவிடலாம் என்று மனதுக்குள்ளேயே இடம் போட்டு வைத்திருந்தாள்.

கோமதிக்கு எட்டரை மாதம் ஆகியிருந்தபோது அருணகிரி வந்தான். கழுத்தில் டை, கையில் அட்டைப்பெட்டி, முதுகு முழுக்க வேர்வை. பெட்டிக்குள் வளைந்த கழுத்தோடு பளபளவென்று ஒரு குழாயும், அடியில் வைக்க ஒரு சின்னத் தொட்டியும் இருந்தன. திருகினால் அந்த நிமிஷமே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வரும் என்றான்.

“யக்கா, என்னைத் தெரியலையா? எட்டு வருஷத்துக்கு முன்னால ஒம்பது மணி நேரம் இந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன். எம் பொண்டாட்டி சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுச்சு. அன்னைக்கு முடிவு பண்ணிதான் இந்த வேலைக்கே சேந்தேன்.”

விலை ஒரு நல்ல கறவை மாட்டில் பாதி. பதினைந்து நாள் மாட்டிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அவனே வந்து கழற்றிக்கொண்டு போவான். டீ ஆற்றிக்கொண்டிருந்த வடிவின் கணவர் உச்சிமாகாளி, ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அன்றைய நாலையும் செலவழித்து, கரண்டு போனால் என்ன செய்ய என்று கேட்டார். குண்டான் எங்கே போய்விடப்போகிறது என்றான் அருணகிரி. யோசித்துச் சொல்கிறேன் என்று வடிவு சொன்னது கடைக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கோமதிக்குக் கேட்டது.

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?” என்றாள் அவள், கத்தியைக் கீழே வைக்காமல். “பெஞ்சுல இருக்கவங்களுக்கு டீ இருக்கு. உள்ள கெடக்கவளுக்கு என்ன இருக்கு?”

வடிவு அருணகிரி பக்கம் திரும்பினாள். குழாயை மாட்டச் சொன்னாள்.

மாட்டிய அன்று காலையிலேயே அந்தத் தப்பு நடந்துபோயிற்று. மஞ்சள் துணி இல்லாமல் சும்மா திறந்து காட்டினாலும் பிள்ளைகளுக்கு அது ஒரு கொதிதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. உச்சிமாகாளிக்காக ஒருமுறை திறந்து காட்டினாள். நம்பாத தையல்கடைக்காரருக்கு ஒருமுறை. பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிவந்த கண்டக்டருக்கு ஒருமுறை, டிரைவர் கோபித்துக்கொண்டதால் அவருக்குத் தனியாக ஒருமுறை. முட்டை வேகுமா என்று கேட்டவருக்கு இரண்டுமுறை. இப்படியே பன்னிரண்டாவது முறை திறக்கக் கையை வைத்தபோது, ஒரு கையில் மட்டும் உறை மாட்டிய பாத்திமுத்து சிஸ்டர் பஸ்ஸையும் பார்க்காமல் ரோட்டைக் கடந்து ஓடிவந்தாள்.

“வடிவக்கா, கொழாயில இருந்து கைய எடுங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு.”

வார்டில் இருந்த ஆறு பேருக்கும் பிறந்து முடிந்து, ஏழாவது பிள்ளை ஆட்டோவிலும், எட்டாவது பிள்ளை ரயில்வே கேட்டிலும், ஒன்பதாவது ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்குகிற வரிசையிலும் பிறந்திருந்தன. சீட்டு எழுதுகிறவர் அம்மா பெயரை எழுதி முடிப்பதற்குள் பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டியதாயிற்று. பத்தாவதும் பதினோராவதும் மாடிப்படியில். ஒருத்திக்கும் வலி இல்லை, ஒரு தும்மல் போட்டதுபோல் இருந்தது என்றார்கள். பதினோரு பிள்ளைகளும் பஞ்சுமாதிரி நன்றாக இருந்தன. ஊர் இதற்கும் இரண்டே நாளில் பழகிக்கொண்டது. ஆட்டோக்காரர்கள் சீட்டுக்கடியில் துவைத்த வேட்டி ஒன்று வைத்துக்கொண்டார்கள். உச்சிமாகாளி குழாயின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றி, ஜன்னலில் மஞ்சள் தெரியாமல் தொடக்கூடாது என்று நாலு வார்த்தையில் சொன்னார். டம்ளர் கழுவப் பச்சைத்தண்ணீர்தான்.

குழாயை வாங்கலாமா கூடாதா என்று வடிவு ஒருத்தி தீர்மானிக்க வேண்டியதை ஊரே தீர்மானிக்க உட்கார்ந்தது. மத்தியான பஸ்ஸில் வந்து இறங்குகிற அத்தைமார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துப் பொட்டும் வைத்தாகிவிட்டது என்றால் அப்புறம் நாங்கள் எதற்கு என்று மூக்கைச் சிந்தினார்கள். முகச்சவரம் பண்ணப் போனவன் பாதி முகத்தில் நுரையோடு அப்பா ஆகித் திரும்பினான். பெயர் பேசி முடிக்க யாருக்கும் நேரமில்லாமல் மூன்று பிள்ளைகள் ஒரு வாரமாக ‘பிள்ளை’ என்றே கூப்பிடப்பட்டன. சண்டையோடு வந்த குடும்பங்கள் முதல் டீயைக்கூட முடிக்காமல் சண்டையோடு திரும்பின; ஒரு சம்பந்திக் கூட்டம் ஒரே பிள்ளைக்கு இரண்டு தொட்டிலோடு இரண்டு வாசல் வழியாக வெளியே போனதை வடிவு தன் கண்ணால் பார்த்தாள். இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் பேசியது வார்டு வரை கேட்க, மாடியிலிருந்து சிஸ்டர் வழியாக ஒரு செய்தி இறங்கி வந்தது: கொழாய் வேண்டாங்கிறவங்க இங்க வந்து கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போகலாம், கட்டில் காலியாத்தான் இருக்கு.

அதற்கப்புறம் பெஞ்சில் அந்தப் பேச்சு இல்லை. வடிவும் மஞ்சள் துணியைப் பார்த்தால் குழாயைத்தான் திறந்தாள், ஊரான் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும். தன் மகளுக்கு மட்டும் குண்டான் என்று உள்ளுக்குள் வைத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமே அதை நேராகச் சொல்லிக்கொண்டதில்லை.

பதினைந்தாம் நாள், காலை ஒன்பது மணிக்குக் கோமதிக்கு வலி எடுத்தது. பாத்திமுத்து சிஸ்டர் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டுக் குழாயைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வடிவு குண்டானில் தண்ணீர் ஊற்றி மூன்றாவது அடுப்பில் வைத்துப் பற்றவைத்தாள். உச்சிமாகாளி குழாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த டீயில் சீனியை இரண்டாம் தடவையும் போட்டார்.

ஸ்டீபன் தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். டீச்சர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். உள்ளே போகவில்லை, கடைக்கும் வரவில்லை; ஆஸ்பத்திரிச் சுவரோரம் குடையை விரித்துக்கொண்டு நின்றார். வடிவு கணவரிடம் ஒரு டீயைக் கொடுத்து அனுப்பினாள். டீச்சர் வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கிளாஸைக் கொடுத்தார். ஒன்று, என்று வடிவு நினைத்துக்கொண்டாள். அரை மணி கழித்து இன்னொன்று போயிற்று. கிளாஸைத் திருப்பிக்கொண்டு வந்த உச்சிமாகாளி, சீனி அதிகம் என்று டீச்சர் குறை சொன்னதாகச் சொன்னார். வடிவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது டீயில் குறை வந்துவிட்டது, எல்லாம் சரியாகத்தான் போகிறது. மூன்றாவதை இங்கே வந்து குடிக்கச் சொல்லவேண்டும்.

அப்போது கோமதியின் சத்தம் கேட்டது.

வடிவு பத்தொன்பது வருஷமாகக் கேட்ட சத்தம்தான். ஆனால் இது பள்ளிக்கூடம் விட்டு வந்து பசிக்கிறது என்று கத்திய அதே தொண்டை. அவள் குண்டானுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் சூடு. தீயைக் கூட்டப் போனாள். அது ஏற்கெனவே முழுத் தீயில்தான் இருந்தது. பதில் கேட்க வந்திருந்த அருணகிரி பெஞ்சில் உட்கார்ந்து, எட்டு வருஷத்துக்கு முந்திய முகத்தோடு குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தான். கோமதி மறுபடியும் கத்தினாள், இந்த முறை அம்மா என்று. நட்சத்திரம் மாறட்டும் என்று தீயைக் குறைக்கச் சொன்ன அப்பன்மார்களை எத்தனை தடவை முறைத்திருக்கிறோம் என்பது வடிவுக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. அவர்களில் ஒருவர் முகம்கூடத் தன் முகத்தைப்போல் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்றும் தோன்றியது.

அவள் சிவப்புத் துணியை உருவி எறிந்துவிட்டுக் குழாயைத் திருகினாள். தண்ணீர் புகைந்துகொண்டு விழுந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாடியில், ஒரு பிள்ளை வீலென்று அழுதது.

டீச்சர் குடையைக்கூட மடக்காமல் உள்ளே ஓடுவது தெரிந்தது. மூன்றாவது டீக்கான பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வடிவு அதைத் துடைக்காமல் நின்றாள். பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷமும், பெஞ்சின் கோடி இனிமேல் காலியாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் ஒன்றாகவே வந்தன. கால் மணி நேரம் கழித்து, மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு ப்ளாஸ்க்கோடு டீச்சர் ரோட்டைக் கடந்து வந்தார். வடிவைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துச் சொன்னார்.

“கோமதிக்குக் குடிக்க வெந்நி வேணுமாம்.”

ஒன்றரை வருஷத்தில் முதல் வார்த்தை அது. குழாயின் அடித்தொட்டியில் நின்ற தண்ணீரை வடிவு ஒரு செம்பில் மொண்டு கொடுத்தாள். டீச்சர் செம்பைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தார்.

“இதக் கொடுத்தா நாக்கு வெந்துரும்லா.”

“ஆத்தித்தான் குடுக்கணும்,” என்றாள் வடிவு.

உச்சிமாகாளி இன்னொரு செம்பை எடுத்து வைத்தார். டீச்சர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, நிற்கமுடியாமல், பெஞ்சின் கோடியில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தார். வடிவு எதிரே உட்கார்ந்தாள். இந்தச் செம்பிலிருந்து அந்தச் செம்புக்கு இவள் ஊற்ற, அதிலிருந்து இதற்கு அவர் ஊற்ற, பத்துத் தரம், இருபது தரம், ஐம்பது தரம் ஊற்றியும் ஆவி குறையவே இல்லை. கணக்கு டீச்சர் என்பதால் அவர் எண்ணிக்கொண்டே ஊற்றினார், எழுபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார். குண்டான் அன்று எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தையெல்லாம் அந்தத் தண்ணீர் இப்போது ஆறுவதற்கு எடுத்துக்கொள்கிறது என்று அருணகிரிக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் தன் டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு எல்லோருக்குமாக மூன்று டீ சொன்னான்.

“மொதல்ல நீங்க குண்டானத்தான் வச்சீங்க,” என்றார் டீச்சர். “நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

“ஆமா.” வடிவு ஊற்றுவதை நிறுத்தவில்லை. “நீங்க இங்கன வந்து உக்காரணும்னுதான். பெத்த பிள்ள அங்க கத்துது, நான் உங்களுக்கு டீ எண்ணிக்கிட்டு இருந்தேன்.”

டீச்சர் தன் செம்பிலிருந்து ஊற்றினார். தண்ணீர் போய்ப் போய் வந்தது.

“நான் மட்டும் என்னவாம்,” என்றார் கடைசியில். “எப்படியும் கொதிக்க நேரமாகும், மூணாவது டீக்கு இந்தப் பக்கம் வந்துக்கிடலாம்னு குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ கத்தக் கத்த நின்னேன்.”

டீ வந்தது. யாருடைய கண் முதலில் கலங்கியது என்று பார்த்துக்கொண்டிருந்த அருணகிரியாலும் சொல்லமுடியவில்லை. இரண்டு கிளாஸும் ஒரே நேரத்தில் நகர்ந்து நடுவில் முட்டிக்கொண்டன.

“சேனை நீங்க வைங்க மதினி,” என்றார் டீச்சர்.

அந்த முறைப்பெயரைக் கேட்டு வடிவு நிமிர்ந்து பார்த்ததில் கொஞ்சம் வெந்நீர் பெஞ்சில் சிந்தியது. “நான் வச்சா என் அவசரம்லா பிள்ளைக்கு வரும். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஆட்டோ பிடிச்சவ நான். நீங்களே வைங்க மதினி.”

“என் வீம்பு வந்துட்டா?”

“வரட்டும். பொம்பளப் பிள்ளதான. இருக்கட்டும்.”

டீச்சர் செம்புக்குள் விரலை விட்டுப் பார்த்து, இப்போது சரியாக இருக்கிறது என்றார். இரண்டு பேருமாக எழுந்தார்கள். ரோட்டில் இறங்கியதும் டீச்சர் பழக்கதோஷத்தில் குடையைக் கடைப்பக்கம் சாய்க்கப்போய், கடைக்காரி பக்கத்திலேயே வருவதைக் கண்டு, எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அருணகிரி பின்னாலிருந்து, அப்போ குழாய், என்று இழுத்தான். வடிவு திரும்பாமலே கையை ஆட்டிவிட்டுப் போனாள். அது வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று புரியாமல் அவன் உச்சிமாகாளியைப் பார்க்க, அவர் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி, தண்ணீரைக் கொட்டி, வடைக்கான உளுந்தை அதில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

மேலக்கரையில் இப்போது கண்மூடித் திறப்பதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன. அப்புறம் உறவுக்காரர்கள் ப்ளாஸ்க்கோடு வந்து, கொதிக்கிற தண்ணீரை வாங்கி, இரண்டு செம்புகளோடு எதிரெதிரே உட்காருகிறார்கள். பகை பெரிதென்றால் தண்ணீர் ஆறவும் அவ்வளவு நேரம் ஆகிறது. கடைக்கு இன்னொரு பெஞ்ச் போடவேண்டி வந்தது. மத்தியான பஸ் அத்தைமார்களும் நேரத்துக்கு வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

சேனையை யார் வைத்தது என்று வடிவும் டீச்சரும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு விரலையும் கண்டதாகச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தவள் பாத்திமுத்து சிஸ்டர் மட்டும்தான். அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு வயது. கடைக்கு வந்தால் பால் உடனே வேண்டும், இந்த நிமிஷமே வேண்டும் என்று மேஜையைத் தட்டுவாள்; ஆறட்டும் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பாட்டியின் குடையை எடுத்து விரித்து, பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்து, அதைக் கடைப்பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள்.